தைலமரக் காடு போனதும் கொசு வந்தது. கோயில் காட்டையும் வெட்ட வேண்டுமா?

தேவகோட்டைக்கு அருகில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து, சத்துணவு அமைப்பாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற 61 வயது வாசகி ஒருவர் விரிவாகக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிச் சுருக்கமாகத் தருகிறேன். அவருடைய ஊருக்கு மேற்கே, கண்மாயைத் தாண்டி, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் இருந்த தைலமரக் காட்டைக் கடந்த ஆவணியில் குத்தகைதாரர் மொத்தமாக வெட்டி லாரிகளில் ஏற்றிச் சென்றுவிட்டார். ஐப்பசி மழைக்குப் பிறகு ஊரில் கொசு பெருகியது. கார்த்திகையில் அவருடைய எட்டு வயதுப் பேரனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து, ஐந்து நாள் மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

தைலமர வாசனைதான் இத்தனை காலம் கொசுவை அண்டவிடாமல் காத்தது, மரம் போனதும் காட்டுக் கொசு ஊருக்குள் இறங்கிவிட்டது என்று ஊரில் பாதிப் பேர் சொல்கிறார்கள். நிழலும் சருகுமாக இருண்டு கிடக்கும் அய்யனார் கோயில் காடுதான் கொசுவை வளர்க்கிறது, அதையும் வெட்டி வெளிச்சமாக்கிவிட்டால் தொல்லை தீரும் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். மர வியாபாரி ஒருவர் கோயில் காட்டுக்கு விலை பேசியிருக்கிறார். கண்மாய்க்குள் மண்டியிருக்கும் சீமைக் கருவேலத்தையும் கரிமூட்டத்துக்காகத் தன் செலவிலேயே வெட்டித் தருவதாகச் சொல்கிறார். திருப்பணிக்குப் பணம் கிடைக்கும் என்பதால் வாசகியின் கொழுந்தனாரும் வெட்டலாம் என்கிற பக்கமே நிற்கிறார். மார்ச் 22 கிராம சபையில் இது பேச்சுக்கு வருகிறது. “பேரன் முகத்தைப் பார்த்தால் வெட்டிவிடுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது, அய்யனாரை நினைத்தால் மனம் வரவில்லை, நான் எந்தப் பக்கம் பேசுவது?” என்று கேட்டிருக்கிறார். வெளிநாட்டிலும் சென்னையிலும் இருக்கும் இரண்டு நகரத்தார் குடும்பங்களின் வீட்டுச் சாவி தம்மிடம் இருப்பதையும், வெள்ளிதோறும் விளக்கேற்றப் போய்வருவதையும் இடையில் ஒரு வரியில் குறிப்பிட்டிருக்கிறார்.

அன்புள்ள அம்மா,

பேரன் நலமாக வீடு திரும்பியதில் மிக்க மகிழ்ச்சி. பொதுச் சுகாதார மருத்துவராக 26 ஆண்டுகள் பணியாற்றியவன் நான். அதில் பெரும்பகுதி உங்கள் ஊரைப் போன்ற கண்மாய்க்கரைக் கிராமங்களிலேயே கழிந்தது. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் இரண்டு வெவ்வேறு கொசுக்கள் இருக்கின்றன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். காடு வெட்டிய பிறகு பொழுது சாய்ந்ததும் மொய்க்கத் தொடங்கியதாக நீங்கள் எழுதும் கொசு ஒன்று; பேரனைக் கடித்து டெங்குவைத் தந்த கொசு வேறொன்று. இரண்டையும் ஒன்றாக எண்ணியதால்தான், ஒரு கொசுவின் குற்றத்துக்கு இன்னொரு கொசுவின் இருப்பிடத்தைத் தேடி, கடைசியில் இரண்டுக்கும் அதிகத் தொடர்பில்லாத கோயில் காட்டின்மேல் பழி விழுந்திருக்கிறது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி பகலில் கடிப்பது. காலையிலும் பொழுது சாயுமுன் மாலையிலும் அதன் கடி அதிகம். கால்களில் வெள்ளை வளையங்கள் இருக்கும். காட்டுக் குட்டையையோ கண்மாயையோ அது நாடுவதில்லை; மனிதர் வீட்டைச் சுற்றி இருக்கும் தொட்டி, அண்டா, டயர், உடைந்த சட்டி, பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த நீரே அதற்கு வேண்டும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கும். நீர் வற்றினாலும் அவை பல மாதம் உயிரோடு காத்திருந்து, அடுத்த மழையில் நீர் ஏறியதும் பொரிக்கும். பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே அதன் வாழ்நாள் முடிந்துவிடும். ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் வெட்டப்பட்ட காட்டிலிருந்து அது பறந்து வந்து உங்கள் பேரனைக் கடித்திருக்க வாய்ப்பில்லை. பேரன் வீட்டிலோ, பள்ளியிலோ, பக்கத்து வீட்டிலோதான் கடிபட்டிருக்கிறான்.

மரம் வெட்டினால் கொசுவுக்கு என்ன ஆகிறது?

இதனால் மரம் வெட்டியதற்கும் கொசுவுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சம்பந்தம் உண்டு, ஆனால் ஊரார் நினைக்கும் வழியில் அல்ல. காட்டில் குடியிருந்த கொசு வீடிழந்து ஊருக்குக் குடிபெயர்வதில்லை. கொசுவின் ஆயுள் சில வாரங்கள்தான். மரம் போன இடத்தில் நீர் தேங்கும் முறையும், அந்த நீர்மேல் விழும் வெயிலும் மாறிவிடுகின்றன. அந்தப் புதிய நீருக்கு ஏற்ற கொசு இனம் அங்கே பெருகுகிறது, பழைய நீரை நம்பியிருந்த இனம் குறைகிறது.

கொசுப்புழு வளர்வதற்கு நீர், வெப்பம், நுண்பாசி ஆகிய மூன்றும் வேண்டும். அடர்ந்த நிழலில் நீர் குளிர்ந்திருக்கும், பாசியும் குறைவு, புழு மெதுவாகவே வளரும். வெயில் நேரே விழுந்தால் நீர் சூடேறிப் பாசி பிடித்து, புழு சீக்கிரம் கொசுவாகிவிடும். மழைநீரை உறிஞ்சிக்கொள்ளும் சருகு மெத்தை போய்விடுகிறது. பாரம் ஏற்றிய லாரியும் பொக்லைனும் ஓடி இறுகிய மண்ணில் சக்கரத் தடங்கள் பள்ளமாகி, நீர் கீழே இறங்க வழியில்லாமல் வாரக்கணக்கில் நிற்கிறது. மழைநீரைப் பிடிக்கத் தைலமரத் தோட்டங்களில் வெட்டிவைக்கும் நீளக் குழிகளும் திறந்து கிடக்கின்றன. புதிதாக உண்டான அந்தத் தேக்கங்களில் கொசுப்புழுவைத் தின்னும் மீனோ தட்டான் குஞ்சுகளோ இன்னும் குடியேறியிருக்காது. கொசுதான் முதலில் வந்து சேரும்.

தென்னமெரிக்காவின் பெரு நாட்டில், இக்கிட்டோஸ் நகரிலிருந்து நவுட்டாவுக்குப் போகும் சாலையோரத்தில் நடந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வு, காடு அழிந்த இடங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் டார்லிங்கி கொசு மனிதரைக் கடிக்கும் விகிதம், பெரும்பாலும் காடாகவே இருந்த இடங்களைவிட 278 மடங்குக்கும் மேல் என்று கண்டது. மலேசியாவின் சபா மாநிலத்தில் நிழலை விரும்பும் அனாபிலிஸ் பாலபசென்சிஸ் என்ற கொசு, மரம் ஏற்றும் வண்டிகளின் சக்கரத் தடங்களில் முட்டையிடுகிறது. குரங்குகளிடமிருந்து மனிதருக்கு வரும் நோலெசி மலேரியா அங்கே காட்டோர வேலையாட்களை அதிகம் தாக்குகிறது. கொலம்பியாவில் 1930களில் ஹோர்ஹே போஷெல் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். மரத்தின் உச்சிக் கிளைகளில் வாழும் நீலநிறக் கொசுக்கள் தரையில் நடமாடும் மனிதரைச் சாதாரணமாகத் தீண்டுவதில்லை. மரம் சாய்க்கப்பட்டதும் அவை மரத்தோடு கீழே வந்து, கோடரியோடு நின்றவர்களையே சூழ்ந்துகொண்டன. காட்டு மஞ்சள் காய்ச்சல் மரம் வெட்டிகளுக்கு எப்படி வருகிறது என்பது இப்படித்தான் புலப்பட்டது. அதே போஷெல் பிற்காலத்தில் இந்தியா வந்து, கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டில் 1957இல் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சலை ஆராய்ந்து, காட்டில் மனிதர் செய்த மாற்றங்களுக்கும் அந்த நோய்க்கும் உள்ள தொடர்பை எழுதினார். அந்த நோயைப் பரப்புவது உண்ணி. ஆனாலும் ‘காடு கலைந்தால் நோய் இடம் மாறும்’ என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

இவற்றை உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நம் வறண்ட சீமை அமேசான் அல்ல. தமிழ்நாட்டில் மலேரியா இன்று மிகவும் குறைந்துவிட்டது. ஆனாலும் வெயில்படும் தேக்கங்களில் அனாபிலிஸ் இனங்கள் நம் ஊரிலும் வளர்கின்றன. அவற்றில் மலேரியாவைப் பரப்பக்கூடிய கியூலிசிஃபேசிஸும் ஒன்று. இவ்வகைக் கொசுக்கள் ஏடிஸைவிட அதிகத் தூரம் பறப்பவை. ஆகவே உங்கள் ஊரில் இரவுக் கொசு கூடியதில் வெட்டப்பட்ட காட்டுக்குப் பங்கிருக்கலாம். அங்கே கிடக்கும் பள்ளங்களை மூடச் சொல்வது நியாயமான கோரிக்கை.

தைலமர வாசனை

இந்த நம்பிக்கை இன்று நேற்று வந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் ரோம் நகரை ஒட்டிய சதுப்பு நிலங்களில் காய்ச்சலை விரட்டும் என்று நம்பி இந்த மரத்தை நட்டார்கள். மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதை ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டறிவதற்கு முந்தைய காலம் அது. கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம், மரத்தின் வாசனை அதை மாற்றும் என்று எண்ணினார்கள். மரத்தால் நன்மை ஏதும் விளைந்திருந்தால், அதற்குக் காரணம் அது நீரை உறிஞ்சி ஈரநிலத்தை உலர்த்தியதுதான். எலுமிச்சை வாசனையுள்ள தைலமர வகையின் எண்ணெயிலிருந்து எடுக்கும் பொருளைத் தோலில் பூசினால் கொசு சில மணி நேரம் அண்டாது என்பது உண்மை. இலையில் அடைபட்டிருக்கும் எண்ணெய், நின்ற மரத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தாண்டி வந்து உங்கள் திண்ணையைக் காக்காது. வாசலில் நொச்சியும் துளசியும் வைத்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக வையுங்கள், ஆனால் அவற்றை நம்பிப் பேரனைக் கொசுவலை இல்லாமல் படுக்கவைக்காதீர்கள். நொச்சி இலைப் புகை சற்று நேரம் கொசுவை விலக்கும். செடியாக நிற்கும்போது அந்த வேலையைச் செய்வதில்லை.

கோயில் காட்டில் நான் பார்த்தது

சில ஆண்டுகளுக்கு முன் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில், கிட்டத்தட்ட இதே புகாரின்பேரில் ஓர் அய்யனார் காட்டைப் பார்க்கப் போனேன். வீரையும் உலக்கைப் பாலையும் காசானும் பின்னிக்கிடந்த காடு. நடுப்பகலிலும் வெளிச்சம் சல்லடையில் விழுவதுபோல்தான் தரைக்கு வந்தது. புழு எடுக்கும் வெள்ளைப் பூச்சு அகப்பையோடு ஒரு மணி நேரம் சுற்றினோம். மழை பெய்து நான்கு நாள்தான் ஆகியிருந்தும், மரத்தடியில் அகப்பையை அமிழ்த்தும் அளவுக்குத் தேங்கிய நீர் எங்கும் இல்லை. முழங்கால் வரை கிடந்த சருகும் அதன் கீழ் இருந்த பொலபொலத்த மண்ணும் அத்தனை மழையையும் குடித்திருந்தன.

கிளம்பும்போது உடன் வந்த சுகாதார ஆய்வாளர், புரவி எடுப்பில் வைத்த பழைய மண்குதிரைகளின் வரிசையைக் காட்டினார். முதுகு உடைந்திருந்த ஒரு குதிரையின் வயிற்றுக்குள் டார்ச் அடித்தோம். உள்ளே ஒரு சாண் ஆழத்துக்குத் தேநீர் நிறத்தில் நீர். ஒளி பட்டதும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான ஏடிஸ் புழுக்கள் நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கின. அன்னதானத்துக்குப் பயன்படுத்தி வீசிய பிளாஸ்டிக் கோப்பைகளிலும் அப்படியே. பிறகு காட்டுக்கு வெளியே, பக்கத்துத் தோப்பை வெட்டிய வண்டித் தடத்துக்கு வந்தோம். கலங்கிய அந்த நீரில் ஓர் அகப்பை மொண்டதும், நீர்மட்டத்தோடு ஒட்டி, வைக்கோல் துணுக்குபோலக் கிடையாகப் படுத்திருக்கும் அனாபிலிஸ் புழுக்கள் கிடைத்தன. என் கை நிழல் விழுந்ததும் அவை பின்வாக்கில் துள்ளி நகர்ந்தன. தொங்கினால் ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ் என்ற இன்னொரு கொசு வகை, படுத்திருந்தால் அனாபிலிஸ். உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வெள்ளைக் கிண்ணத்தைக் கொடுத்து இதைக் கற்றுக்கொடுக்கலாம்.

கோயில் காட்டில் கொசுவே கிடையாது என்று சொல்ல மாட்டேன். பழைய மரங்களின் பொந்துகளில் நீர் தேங்கினால் ஏடிஸ் அல்போபிக்டஸ் வளரும். அதுவும் டெங்குவைப் பரப்பக்கூடியதே. அந்தப் பொந்துகளை மணலால் நிரப்பினால் போதும், மரத்தைச் சாய்க்கத் தேவையில்லை. மாறாக, காட்டையே வெட்டினால் சருகு மெத்தை போய், வண்டித் தடங்கள் வந்து, வெட்டிய அடிமரங்களின் குழிவுகளிலும் நீர் நின்று, மேற்கே ஒன்றரைக் கிலோமீட்டரில் நடந்தது ஊரின் வாசலிலேயே நடக்கும். கொசுவை ஒழிக்க என்று சொல்லி அந்தக் காட்டை வெட்டுவது, ஒரு மருத்துவனாக நான் ஒருபோதும் எழுதித் தர முடியாத மருந்து. இந்த வறண்ட மண்ணில் அப்படியொரு பசுமைமாறாக் காடு உருவாகத் தலைமுறைகள் ஆகியிருக்கும் என்பதையும் நினைத்து இதைச் சொல்கிறேன்.

சீமைக் கருவேலம் தனிக் கணக்கு. அதன் பூந்தேன் கொசுக்களுக்கு நல்ல உணவு. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் சில கிராமங்களில் இம்மரத்தின் பூக்கிளைகளை மட்டும் வெட்டிப் பார்த்தபோது, அங்கே பிடிபட்ட அனாபிலிஸ் கொசுக்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. நோயைக் கடத்தும் வயதுவரை வாழும் பெண் கொசுக்களும் குறைந்தன. அந்த முடிவு அப்படியே நம் ஊருக்குப் பொருந்தும் என்று உறுதி கூற முடியாது. ஆனால் கண்மாய்க்குள் மண்டிய சீமைக் கருவேலத்தை அகற்ற வேறு நல்ல காரணங்களும் இருக்கின்றன. முறையான அனுமதியோடு, வேர் பிடுங்கிய குழிகளை அன்றன்றே மூட வேண்டும் என்ற நிபந்தனையை எழுத்தில் வாங்கிக்கொண்டு செய்யலாம். இலவசம் என்பதற்காக அதையும் கோயில் காட்டையும் ஒரே பேச்சில் முடித்துக்கொள்ள வியாபாரிக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

கிராம சபைக்கு முன்னால்

நிலம் யாருடையது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டில் கோயில் காடு எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று கேளுங்கள். புறம்போக்காக இருந்தால், ஊர் கூடி முடிவெடுத்தாலும் மரத்தை வெட்ட முடியாது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். கோயில் சொத்தாக இருந்தால் அறநிலையத் துறையைக் கேட்காமல் மரம் விற்பது உங்கள் கொழுந்தனாருக்கே வழக்காகத் திரும்பலாம். இதை அவரிடம் சபையில் சொல்லாமல் வீட்டில் வைத்து, காப்பி கொடுத்துப் பக்குவமாகச் சொல்லுங்கள். சபையில் தோற்றதாக அவர் எண்ணிவிட்டால், பிறகு நல்ல காரியத்துக்கும் ஒத்துழைக்க மாட்டார்.

சபையில் மூன்றையும் தனித்தனித் தீர்மானமாக வைக்கக் கோருங்கள்: வெட்டிய காட்டின் பள்ளங்கள், கண்மாய்ச் சீமைக் கருவேலம், கோயில் காடு. முதலாவதில் உங்களுக்குச் சட்டத்தின் துணை உண்டு. 1939ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம், கொசு உற்பத்தியாகும் நீர்த்தேக்கத்தை அகற்றும்படி அந்த இடத்துக்குப் பொறுப்பானவருக்கு அறிவிப்புக் கொடுக்கச் சுகாதார அலுவலருக்கு அதிகாரம் தருகிறது. பள்ளங்களைப் படமெடுத்து, சர்வே எண்ணோடு, ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுகாதார ஆய்வாளரிடம் மனுவாகக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் நிலம் காய்ந்திருக்கும்போதே மூடச் செய்ய வேண்டும். ஐப்பசி வந்தபிறகு சேற்றில் எந்த வண்டியும் இறங்காது.

புகை மருந்து அடிக்கச் சொல்லிப் போராடலாமா என்ற உங்கள் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். நோய் பரவும் நேரத்தில், பறந்துகொண்டிருக்கும் கொசுவைக் கொல்ல அது உதவும். நீரில் இருக்கும் புழுவை அது தொடுவதில்லை, ஆகவே சில நாட்களில் கொசு மறுபடி வந்துவிடும். உங்கள் ஆற்றலை அதில் செலவழிக்க வேண்டாம்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்தச் சாவிக்கு வருகிறேன். கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதுதான். பூட்டிக்கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளில், நான்கு பக்கக் கூரை நீரும் முற்றத்தில் இறங்கும். வடிகால் வாயில் சருகு அடைத்தால் அங்கே நீர் நிற்கும். கொல்லைப்புறத்தில் மூடாத கிணறு, கவிழ்க்காமல் விட்ட அண்டாக்கள், மாடியில் மூடி போன நீர்த்தொட்டி, யாரும் பயன்படுத்தாத கழிப்பறைக் கிண்ணமும் அதன் மேல்தொட்டியும் எல்லாம் ஏடிஸுக்குப் பிரசவ அறைகள். பேரன் வீட்டிலிருந்து அந்த இரண்டு வீடுகளும் எத்தனை தூரம் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரே தெருவாக இருந்தால் முதலில் அங்கேதான் தேடுவேன்.

முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் ஆகும். நீங்கள் வெள்ளிதோறும் அங்கே போகிறீர்கள். விளக்கேற்றுவதற்கு முன், வடிகாலைக் குத்திவிட்டு, அண்டாக்களின் உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கவிழ்த்து, கழிப்பறையில் ஒரு வாளி நீர் ஊற்றிவிட்டு வந்தாலே, அந்த வாரத்துப் புழு கொசுவாவதற்குள் போய்விடும். தேய்ப்பது முக்கியம், நீரை மட்டும் கொட்டினால் ஒட்டியிருக்கும் முட்டை அப்படியே இருக்கும். கிணற்றுக்கு நைலான் வலை கட்ட வீட்டுக்காரர்களிடம் அனுமதி கேளுங்கள், அல்லது சுகாதார ஆய்வாளரிடம் சொல்லிக் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடச் செய்யுங்கள். அந்த மீனை ஊருணியிலோ கண்மாயிலோ விட்டுவிடக் கூடாது. நம் நாட்டு மீன்களின் குஞ்சுகளைத் தின்றுவிடும். ஊரில் பூட்டிய மற்ற வீடுகளின் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களையும் வெள்ளிக்கிழமைகளில் இதைச் செய்யச் சொல்லுங்கள். கோயிலில் உடைந்த மண்குதிரைகளை அகற்ற மனம் வராது; அவற்றின் வயிற்றில் மணலை நிரப்பிவிட்டால் போதும்.

பேரனைப் பற்றிக் கடைசியாக ஒன்று. டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒருமுறை வந்த வகை பெரும்பாலும் மறுபடி வராது. வேறு வகை வந்தால் அது முதல் முறையைவிடக் கடுமையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே அடுத்த மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தால், பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதையும் கொடுக்காமல், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று, முன்பு டெங்கு வந்ததைச் சொல்லுங்கள். முதல் ஐந்து நாளுக்குள் என்றால் என்எஸ்1 பரிசோதனை, அதற்குப் பிறகு என்றால் ஐஜிஎம் பரிசோதனை செய்வார்கள். காய்ச்சல் இறங்கிய பிறகுதான் அதிகக் கவனம் வேண்டும். அந்த ஓரிரு நாட்களில் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து சுருண்டு படுப்பது, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும், இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.